பாடத்தில் இல்லையாம்!

நாகர்கோவில் வடசேரிப் பேருந்து நிலையத்தை அடுத்து ஒரு சாயாக்கடை. பொழுது சாயும் நேரம். நாம் அமர்ந்திருந்த பலகைக்கு எதிரே ஒரு தந்தையும் மகனும். தந்தை கீரிப்பாறைப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டும் தொழிலாளி. விரல் இடுக்குகளில் காய்ந்த பால் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. மகன் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு மாணவன். என்ன படிப்பு? அரசியல் அறிவியல்! அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசற்படியை மிதித்த முதல் கால் அவனுடைய கால்தான்.

தந்தையின் கையில் அன்றைய நாளேடு. தலைப்புகளைப் பார்த்துவிட்டுக் கீழே போடுகிறவர் அல்லர் அவர். தலையங்கத்தின் கடைசி வரி வரையில் படிக்கிறவர். ஏட்டை மடித்துத் தொடைமீது வைத்துக்கொண்டு மகனைப் பார்த்துக் கேட்டார்:

"மக்கா, நீ படிக்கியது அரசியல் பாடந்தானே? எனக்கு ஒரு சந்தேகம். நாம ஓட்டுப் போட்டு அனுப்புன சட்டசபை ஒரு சட்டத்த நிறைவேத்தி அனுப்புது. கவர்னர் அதுல கையெழுத்துப் போடாம எத்தன நாளு வெச்சிருக்கலாம்? ரெண்டாந் தடவ நிறைவேத்தி அனுப்புனா அவரு என்ன செய்யணும்?"

மகன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "ஆளுநரின் அதிகாரங்கள்" என்று தொடங்கினான். நிர்வாக அதிகாரம், சட்டமியற்றும் அதிகாரம், நிதி அதிகாரம், நீதி அதிகாரம் என்று வரிசை குலையாமல் வந்தன. திற்பரப்பு அருவி தோற்றது! தந்தை பொறுமையாகக் கேட்டார். முடிந்ததும், "அது சரி மக்கா, நான் கேட்டதுக்குப் பதிலு?" என்றார்.

மகன் தயங்கினான். பிறகு மெல்லச் சொன்னான்: "அது எங்க பாடத்துல இல்லப்பா."

தோழர்களே! பாடத்தில் இல்லையாம்! நாட்டில் நடக்கிறது, நாளேட்டில் இருக்கிறது, சாயாக்கடையில் பேசப்படுகிறது, தோட்டத் தொழிலாளியின் நெஞ்சில் கேள்வியாய் எழுகிறது. அரசியலைப் படிக்கப் பணம் கட்டி, மூன்றாண்டுகளைக் கொடுத்த மாணவனின் பாடத்தில் மட்டும் இல்லையாம்!

அந்த இளைஞனைக் குறை கூற நாம் எழுதுகோல் எடுக்கவில்லை. அறிவில் அவன் குறைந்தவன் அல்லன். உழைப்பிலும் குறைந்தவன் அல்லன். விந்தை என்னவென்றால், தந்தை கேட்ட கேள்விக்கு இடமான அரசமைப்புச் சட்டத்தின் 200ஆவது பிரிவு, அவன் ஒப்புவித்த அதே 'ஆளுநரின் அதிகாரங்கள்' என்ற பாடத்துக்குள்ளேதான் இருக்கிறது! பாடம் கையில் இருந்தது. பதில் வாயில் இல்லை. குறிப்பைப் படித்தான், சட்டத்தைப் படிக்கவில்லை. ஒப்புவிக்கப் பழக்கினார்கள், ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு அதன் விடையைத் தேடிச் செல்லப் பழக்கவில்லை.

நீச்சல் கற்பிக்கிறோம் என்று பிள்ளையை அழைத்துப் போய், குளக்கரையில் உட்கார வைத்து, நீரின் குணங்கள் பத்தை எழுதிக்கொள் என்றால் அவன் நீந்துவானா? நூற்றுக்கு நூறு வாங்குவான். குளத்தில் இறங்கினால் மூழ்குவான்!

வகுப்பறைக்குள் சற்று எட்டிப் பார்ப்போம். ஆசிரியர் வருகிறார், குறிப்புச் சொல்கிறார், மாணவர்கள் எழுதுகிறார்கள். இறைமை என்றால் என்ன? போடின் சொன்னது ஒன்று, ஆஸ்டின் சொன்னது ஒன்று, லாஸ்கி மறுத்தது ஒன்று. எழுதிக்கொள்! கூட்டாட்சியின் நன்மைகள் ஐந்து, தீமைகள் ஐந்து. எழுதிக்கொள்! தேர்வுக்கு முந்திய வாரம் கடையில் விற்கும் வழிகாட்டி நூல் கைக்கு வருகிறது. பழைய வினாத்தாள்களை அடுக்கி, எந்தக் கேள்வி வரும், எது வராது என்று கணக்குப் போடுகிறார்கள். 'சிறுகுறிப்பு வரைக', 'விவரி', 'விளக்குக' என்று வினாத்தாள் கட்டளையிடுகிறது. எழுதி முடிக்கிறார்கள். மறுவாரமே மறந்துபோகிறார்கள். கொட்டிய நெல்லைக் குருவி தின்ற கதையாக முடிகிறது, தகப்பன் வியர்வை சிந்திக் கட்டிய கட்டணம்.

ஆசிரியர்மீது பழியைப் போட்டுத் தப்பிக்கலாமா? கூடாது. பல கல்லூரிகளில் பாடம் எடுப்பவர் நிரந்தர வேலை இல்லாத கௌரவ விரிவுரையாளர். அவருக்கு மாதம் 50,000 ரூபாய் வரையில் வழங்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019ஆம் ஆண்டிலேயே சொன்னது. அந்தத் தொகையைத் தாருங்கள் என்று கேட்டு அவர்கள் தெருவில் நின்று முழங்கிய காட்சியைத் தமிழ்நாடு கண்டிருக்கிறது. கௌரவம் பெயரில் இருக்கிறது, ஊதியத்தில் இல்லை! அடுத்த ஆண்டு வேலை உண்டா என்று அறியாதவரிடம், மாணவரை ஊர் ஊராக அழைத்துச் சென்று புதுமுறையில் கற்பியுங்கள் என்று சொல்ல நமக்கு வாய் வருமா? ஆகவே, கற்பிக்கும் முறையைத் திருத்த வேண்டும் என்பவன், முதலில் கற்பிப்பவனின் வயிற்றைப் பார்க்க வேண்டும். இதை எந்த ஆட்சிக்கும் சொல்வோம். நமக்கு வேண்டிய ஆட்சியானாலும் சொல்வோம்.

இந்த மாவட்டத்தின் உயர்கல்வியைத்தான் பாருங்களேன். 1937இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக் கழகம் தோன்றியது. நாஞ்சில் நாட்டுக் கல்லூரி அதன்கீழ் இருந்தது. 1956இல் தாய்த் தமிழகத்தோடு இணைந்தோம். சென்னைப் பல்கலைக் கழகம் வந்தது. 1966இல் மதுரைப் பல்கலைக் கழகம். 1990இல் மனோன்மணியம் சுந்தரனார் பெயரால் நெல்லையில் ஒரு பல்கலைக் கழகம். பட்டச் சான்றிதழின் தலையில் உள்ள முத்திரை மாறிக்கொண்டே வந்தது. மனப்பாடம் மட்டும் மாறாமல் நிலைத்து நின்றது!

நாம் எங்கே அரசியல் படித்தோம்? எண்ணிப் பாருங்கள், தோழர்களே! நம்மில் பெரும்பாலோர் பள்ளி இறுதியைத் தாண்டாதவர்கள். நமக்குப் பல்கலைக் கழகமாய் இருந்தது ஊர்ப் படிப்பகம். ஓலைக் கூரை, ஒரு மேசை, இரண்டு பலகை, நாலு நாளேடு. ஒருவர் உரக்கப் படிப்பார், பத்துப்பேர் கேட்பார்கள். முடிதிருத்தும் கடையிலும் இதே காட்சி. சாயாக்கடையிலும் இதே காட்சி. படித்து முடித்ததும் பாடம் முடியாது, அங்கேதான் தொடங்கும்! "அதெப்படி?" என்பார் ஒருவர். "போன மாதம் வேறு மாதிரி சொன்னாரே?" என்பார் இன்னொருவர். "பக்கத்து மாநிலத்தில் எப்படி?" என்பார் மூன்றாமவர். பதில் தெரியாதவன் அன்று வாயடைத்துப் போவான். மறுநாள் புத்தகத்தோடு வருவான். கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்த தோழர், நில உச்சவரம்புச் சட்டத்தைப் பற்றி வழக்கறிஞரை மடக்கியதை நாம் கேட்டிருக்கிறோம். அவருக்கு யாரும் குறிப்புச் சொல்லவில்லை. கேள்வி அவருடையது, ஆகவே விடையும் அவருக்குச் சொந்தமாயிற்று.

இதைப் பாமரர் முறை என்று பட்டம் பெற்றவர்கள் சிரிக்க வேண்டாம். உலகின் பெரிய பல்கலைக் கழகங்கள் இன்று நாடிப் போகும் முறை இதுதான்.

1913இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக் கழகத்துக்குப் படிக்கச் சென்றார் டாக்டர் அம்பேத்கர். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர்களில் ஒருவர் ஜான் டூயி. செய்துபார்த்துக் கற்பதே கல்வி, மக்களாட்சி என்பது சேர்ந்து வாழும் வாழ்க்கைமுறை என்று உலகுக்கு எடுத்துச் சொன்ன பேரறிஞர். அந்த ஆசிரியரிடம் தாம் பட்ட கடனை அம்பேத்கர் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை.

அறிஞர் அண்ணா பச்சையப்பன் கல்லூரியில் பொருளாதாரமும் அரசியலும் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றவர். 1968இல், தமிழகத்தின் முதலமைச்சராய் இருந்த அவரை, யேல் பல்கலைக் கழகம் சப் ஃபெல்லோஷிப் என்ற சிறப்பளித்து அழைத்தது. அந்தச் சிறப்பின் நோக்கம் என்ன? பொன்னாடை போர்த்துவதா? இல்லை! பொதுவாழ்வில் உள்ளவர் மாணவர்களோடு சில நாள் இருக்க வேண்டும். மாணவர்கள் கேட்க வேண்டும். அவர் விடை சொல்ல வேண்டும். அரசியல் நடத்துகிறவரை அரசியல் படிக்கிறவர் நேருக்கு நேர் கேட்பது அங்கே படிப்பின் ஒரு பகுதி. இங்கே? ஆண்டு விழாவுக்கு அரசியல்வாதியை அழைப்பார்கள், அவர் பேசுவார், மாணவர்கள் கைதட்டுவார்கள், காரியம் முடிந்தது!

கணக்குப் பார்த்தும் சொல்லியிருக்கிறார்கள். அறிவியல், பொறியியல், கணித வகுப்புகளைப் பற்றிய 225 ஆய்வுகளைத் திரட்டி எடைபோட்ட கட்டுரை ஒன்று 2014இல் அமெரிக்காவில் வெளியாயிற்று. விரிவுரையைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்த வகுப்புகளில், மாணவர் தேர்வில் தவறும் வாய்ப்பு, பேசியும் செய்தும் கற்ற வகுப்புகளைவிட ஒன்றரை மடங்காக இருந்தது. இயற்பியலுக்கே இந்த நிலை என்றால், மனிதரோடு மனிதர் மோதும் அரசியலுக்கு? அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கம், எப்படிக் கற்பிப்பது என்பதை மட்டுமே பேசுவதற்கென்று 2004இல் ஒரு தனி மாநாட்டைத் தொடங்கியது. அரசியலைக் கற்பிப்பது எப்படி என்பதே அங்கே ஓர் ஆராய்ச்சியாகிவிட்டது.

"அமெரிக்காவில் நடக்கும், ஆரல்வாய்மொழியில் நடக்குமா?" என்று கேட்பீர்கள். நடக்கும் என்கிறோம் நாம். அரசியல் படிக்க இந்த நாஞ்சில் மண்ணைப்போல் ஒரு பாடநூல் கிடைப்பது அரிது.

முதல் பாடம், தண்ணீர். 1936இல் லாஸ்வெல் என்ற அறிஞர் அரசியலைப் பற்றி ஒரு நூல் எழுதினார். யாருக்கு, எது, எப்போது, எப்படிக் கிடைக்கிறது என்பதே அதன் தலைப்பின் பொருள். நம் மாணவன் அதை ஓர் இலக்கணமாக மனப்பாடம் செய்கிறான். அவனைக் கோதையாற்றுக் கால்வாய்க் கரைக்கு அழைத்துப் போங்கள்! 1906இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையிலிருந்து நடக்கத் தொடங்கட்டும். ஆண்டுதோறும் கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரு பருவத்துக்கும் தண்ணீர் திறக்க அரசு ஆணை வருகிறது. சுமார் 79,000 ஏக்கருக்குப் பாசனம் என்று அந்த ஆணை சொல்கிறது. ஆணையை மாணவன் கையில் கொடுங்கள். அணையில் திறந்த தண்ணீர் கடைமடை வயலுக்கு என்றைக்கு வந்தது? தலைமடைக்காரர் என்ன சொல்கிறார்? கடைமடைக்காரர் என்ன சொல்கிறார்? மதகைத் திறப்பவர் யாருடைய சொல்லைக் கேட்கிறார்? வயல் வீட்டுமனையானபோது வாய்க்கால் யாருக்குச் சொந்தமாயிற்று? இதை நாலு கிழமை விசாரித்துப் பத்துப் பக்கம் எழுதிக்கொண்டு வரட்டும். லாஸ்வெல்லை அவன் சாகும்வரை மறக்கமாட்டான்!

அந்த வழியிலேயே இன்னொன்றும் அவன் கண்ணில் படும். நாஞ்சில் நாடு பன்னிரண்டு பிடாகைகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. அந்தப் பிடாகைகளின் நாட்டார் ஒன்றுகூடி, பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, கொடிய வரிக்கு எதிராக முடிவெடுத்தார்கள். அரசுக்கு வரி கேட்கும் உரிமை எங்கிருந்து வந்தது, குடிக்கு மறுக்கும் உரிமை எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை ஐரோப்பியப் புத்தகத்தில் தேடுகிறவன், வடசேரியிலும் சுசீந்திரத்திலும் தேடினால் என்ன?

இரண்டாம் பாடம், எல்லை. 1953 டிசம்பரில் மாநிலங்களைத் திருத்தியமைக்க மத்திய அரசு ஓர் ஆணையத்தை அமைத்தது. பசல் அலி, குன்சுரு, கே.எம். பணிக்கர் என்று மூவர். 1955 செப்டம்பரில் அறிக்கை தந்தார்கள். தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் தமிழகத்துக்கு என்றார்கள். மார்ஷல் நேசமணியின் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு கேட்ட தேவிகுளமும் பீர்மேடும் கிடைக்கவில்லை. 1956 நவம்பர் முதல் நாள் குமரி மாவட்டம் பிறந்தது.

இதை 'மொழிவழி மாநிலங்கள், ஐந்து மதிப்பெண்' என்று படிக்கலாம். வேறு விதமாகவும் படிக்கலாம். வகுப்பை மூன்றாகப் பிரியுங்கள். ஒரு பகுதியினர் தமிழர் தரப்பு. ஒரு பகுதியினர் மலையாளத் தரப்பு. ஒரு பகுதியினர் ஆணையம். மக்கள்தொகைக் கணக்கு, மொழிக் கணக்கு, ஆற்று நீர், தேயிலைத் தோட்டம், கோயில், சாலை என்று எல்லாச் சான்றுகளையும் இரு தரப்பும் திரட்டட்டும். ஆணையம் கேட்கட்டும், தீர்ப்பு எழுதட்டும். அதற்குப் பிறகுதான் உண்மையான ஆணையத்தின் அறிக்கையைத் திறந்து ஒப்பிட வேண்டும். அடுத்த கிழமை தரப்பை மாற்றுங்கள்! நேற்றுத் தமிழர் தரப்பில் முழங்கியவன் இன்று மலையாளத் தரப்பில் நின்று வாதிட வேண்டும். கசக்கும், ஆனால் கற்பிக்கும். எதிரியின் வாதத்தை அவனைவிட நன்றாகச் சொல்லத் தெரிந்தவனே தன் வாதத்தின் வலிமையை அறிந்தவன்.

மூன்றாம் பாடம் குருதியில் எழுதப்பட்டது. 1954 ஆகஸ்டு 11. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழர்மீது துப்பாக்கி வெடித்தது; உயிர்கள் மாய்ந்தன. அப்போது திருவிதாங்கூர்–கொச்சியை ஆண்டது பட்டம் தாணுப்பிள்ளையின் பிரஜா சோஷலிஸ்டு அமைச்சரவை. அந்தக் கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா என்ன செய்தார்? மக்கள்மீது சுட்ட அரசு, எம் கட்சியின் அரசே ஆனாலும், பதவி விலக வேண்டும் என்றார்! கட்சி கொந்தளித்தது, மறு ஆண்டு பிளந்தது.

தோழர்களே! இதைவிடக் கூரான கேள்வி எந்தப் பாடநூலில் இருக்கிறது? கட்சி பெரிதா, அது அமைத்த ஆட்சி பெரிதா? தன் ஆட்சியைத் தானே கண்டிப்பது துரோகமா, தூய்மையா? லோகியா செய்தது சரியா? பட்டம் சொன்ன விளக்கம் சரியா? நமக்கு ஒரு முடிவு உண்டு. ஆனால் வகுப்பறையில் அதை நாம் திணிக்கமாட்டோம். இருபது வயது இளைஞன் சான்றுகளைப் படித்து, வாதிட்டு, தானே ஒரு முடிவுக்கு வரட்டும். அந்த முடிவு நம் முடிவுக்கு மாறாக இருந்தால் இருக்கட்டும்! மார்த்தாண்டம் சந்தைக்குப் பேருந்தில் போகிற மாணவன், அந்த மண்ணில் இப்படி ஒரு கேள்வி கிடப்பது தெரியாமல் போவதுதான் கொடுமை.

சாயாக்கடையில் எழுந்த கேள்வியையும் இப்படித்தான் பாடமாக்க வேண்டும். தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2023 நவம்பரில் மறுபடியும் நிறைவேற்றி அனுப்பிய பத்துச் சட்டமுன்வடிவுகளை ஆளுநர் குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கி வைத்தது செல்லாது என்று 2025 ஏப்ரல் 8ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் இருவர் அமர்வு தீர்ப்பளித்தது, காலக்கெடுவும் வகுத்தது. அவற்றில் பல, பல்கலைக் கழகங்களைப் பற்றியவையே! அதே ஆண்டு நவம்பரில், குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்கு விடையாக ஐவர் அமர்வு வேறு விதமாகக் கருத்துரைத்தது. நீதிமன்றம் காலக்கெடு விதிக்க இயலாது என்றது. இரண்டையும் மாணவர் கையில் கொடுங்கள். 200ஆவது பிரிவை நடுவில் வையுங்கள். 1969இல் அமைக்கப்பட்டு 1971இல் அறிக்கை தந்த இராசமன்னார் குழு என்ன சொன்னது, சர்க்காரியா ஆணையம் என்ன சொன்னது என்பதையும் பக்கத்தில் வையுங்கள். ஒரு நாள் முழுதும் வாதம் நடக்கட்டும். அந்த வகுப்பில் எவனாவது தூங்குவானா? வீட்டுக்குப் போய்த் தகப்பன் கேட்டால் எவனாவது விழிப்பானா?

"எல்லாம் சரி, பாடத்திட்டத்தைப் பல்கலைக் கழகம் அல்லவா மாற்ற வேண்டும்? அது நடக்க ஆண்டுகள் ஆகுமே" என்பார்கள். மாற்றத்தான் வேண்டும். ஆனால் யாரையும் கேளாமல், நாளைக் காலையே ஒரு கல்லூரி தொடங்கக்கூடிய இடம் ஒன்று உண்டு. நம் பல்கலைக் கழகங்களில் பெரும்பாலும் ஒரு தாளுக்கு 75 மதிப்பெண் பருவத் தேர்வுக்கு. 25 மதிப்பெண் கல்லூரியின் உள்மதிப்பீட்டுக்கு. அந்த இருபத்தைந்து இப்போது எங்கே போகிறது? இன்னும் இரண்டு மனப்பாடத் தேர்வுக்கும், ஒருவன் எழுதியதை ஒன்பதுபேர் பார்த்தெழுதும் ஒப்படைப்புக்கும் போகிறது. அந்த இருபத்தைந்தைத் திருப்புங்கள்!

ஒரு பருவத்தில் மாணவன் ஒரு கிராம சபைக்குப் போகட்டும். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு நான்கு முறை என்றிருந்த கிராம சபை 2022 முதல் ஆறு முறை ஆக்கப்பட்டது. யார் பேசினார்கள், யார் பேசவில்லை, பெண்கள் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், தீர்மானப் புத்தகத்தில் என்ன எழுதினார்கள், பேசியதும் எழுதியதும் ஒன்றா? பார்த்து எழுதட்டும். இன்னொரு பருவத்தில், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணத்தில் ஒரு மனுப் போடட்டும். தன் ஊர் மீன்பிடித் துறைமுகத்தைப் பற்றி, சாலையைப் பற்றி, நூலகத்தைப் பற்றிக் கேட்கட்டும். முப்பது நாளில் பதில் வந்தால் அது ஒரு பாடம். வராவிட்டால் அதைவிடப் பெரிய பாடம்! மேல்முறையீடு எழுதப் பழகும்போது, அதிகாரவர்க்கம் என்ற சொல்லின் பொருள் அவனுக்கு எலும்பு வரை ஏறும்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். தமிழ்வழியில் படித்தவர்க்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை என்று 2010இல் சட்டம் வந்தது. நல்லது. ஆனால் வகுப்பில் தமிழ் என்ற பெயரில் ஓடுவது என்ன? ஆங்கிலக் குறிப்பைச் சொல்லுக்குச் சொல் புரட்டிப் போட்ட தமிழ்! படிக்கிறவனுக்கும் புரியாது, எழுதியவனுக்கும் புரிந்திராது. ஒரு காலத்தில் அரசியலும் வரலாறும் பொருளாதாரமுமாகக் கல்லூரிக்கென்றே தமிழில் நூல்களைத் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் வெளியிட்டது. அவற்றை இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் மின்னூலாக்கி இலவசமாகத் தருகிறது. எத்தனை வகுப்பறைகள் அவற்றைத் தொட்டன? அரசமைப்புச் சட்டம் தமிழில் இருக்கிறது. வழிகாட்டி நூலைத் தள்ளிவிட்டு அதைத் திறக்க வேண்டும். தன் ஊர்க்காரருக்குத் தன் மொழியில் விளக்கத் தெரியாதவன், கூட்டாட்சியைப் பற்றி நாற்பது பக்கம் எழுதியும் யாருக்கு என்ன பயன்?

ஒரு கூட்டம் இப்போதே அலறும்: "ஐயோ, கல்லூரிக்குள் அரசியல் புகுந்துவிடுமே!" மருத்துவம் படிப்பவன் நோயாளியைத் தொட்டுப் பார்க்கிறான். சட்டம் படிப்பவன் வழக்குமன்றத்துக்குப் போகிறான். வேளாண்மை படிப்பவன் சேற்றில் இறங்குகிறான். அரசியல் படிப்பவன் மட்டும் அரசியலைக் கண்ணால் பார்க்கக் கூடாதா? கட்சிக்கு ஆள் பிடிக்கும் இடமாக வகுப்பறை ஆகக் கூடாது என்றால், அதை நாமும் ஒப்புகிறோம். எந்தக் கட்சிக்கும் ஆகக் கூடாது. நம் கட்சிக்கும் ஆகக் கூடாது. அதற்குக் காவல் எது? கதவைச் சாத்துவதா? அல்ல; இரு தரப்பையும் கேட்கும் வழக்கமே காவல். சான்று எங்கே என்று கேட்கப் பழகியவனை எந்த ஏமாற்றுக்காரனும் எளிதில் பிடித்துப்போக முடியாது.

இந்த இடத்தில் நம்மையும் ஒரு கண்ணாடியில் பார்த்துக்கொள்ள வேண்டும், தோழர்களே! அந்தப் படிப்பகங்கள் இன்று எங்கே? பல ஊர்களில் கொடிக்கம்பம் இருக்கிறது, பலகை இருக்கிறது, உள்ளே நாளேடு இல்லை. மேடை இருக்கிறது, ஒலிபெருக்கி இருக்கிறது, கேள்வி கேட்பவனுக்கு நேரம் இல்லை. கைதட்டும் கூட்டத்தை விரும்புகிறோம், "அதெப்படி?" என்று எழுந்து நிற்பவனை 'யாரப்பா இவன்' என்று பார்க்கிறோம். கல்லூரி செய்யும் பிழையை நாமும் செய்யத் தொடங்கிவிட்டோம்! அங்கே குறிப்பு, இங்கே முழக்கம். இரண்டையும் திருப்பிச் சொல்ல மட்டுமே பழகிய இளைஞன் நாட்டை எப்படிக் காப்பான்?

ஆகவே தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ப் படிப்பகத்தைத் திறந்து தூசு தட்டுங்கள். ஞாயிறுதோறும் கல்லூரி மாணவர் ஒருவரை அழையுங்கள். எந்தக் கட்சி வீட்டுப் பிள்ளையாயினும் சரி. அந்த வாரச் செய்தி ஒன்றை அவர் படித்து விளக்கட்டும், நீங்கள் கேளுங்கள். கல்லூரிப் பெற்றோர் கூட்டத்துக்குப் போனால், வருகைப் பதிவைப் பற்றிக் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "என் பிள்ளை இந்த ஆண்டு எந்தக் கிராம சபைக்குப் போனான்? எந்த ஆணையைப் படித்தான்? எந்தத் தரப்பில் வாதிட்டான்?" என்றும் கேளுங்கள். கட்டணம் கட்டுகிறவன் கேட்க உரிமை உடையவன்.

சாயாக்கடைக்குத் திரும்புவோம். மகன் தலைகுனிந்திருந்தான். தந்தை கோபப்படவில்லை. தம் தொழிலைப் பற்றிப் பேசினார். "எனக்கு வெட்டுச் சொல்லித் தந்த ஆளு பாடம் எடுக்கல்ல மக்கா. கத்தியக் கையில தந்து, பழைய மரத்துல நிறுத்துனாரு. ஆழமா வெட்டுனா மரம் காயப்படும். மேலோட்டமா வெட்டுனா சிரட்டையில பாலு விழாது. அந்தக் கணக்கு கைக்குத்தான் தெரியும். உனக்கு யாராவது கத்தியத் தந்தாங்களா?"

மகன் பேசவில்லை. சற்றுநேரம் கழித்துத் தந்தையின் தொடையில் இருந்த நாளேட்டை எடுத்தான். அந்தச் செய்தியைப் படித்தான். மறுபடியும் படித்தான். பிறகு நம்மைப் பார்த்துக் கேட்டான்: "அண்ணே, இந்தத் தீர்ப்பு முழுசும் தமிழ்ல படிக்கக் கிடைக்குமா?"

சேர்ந்து தேடுவோம் தம்பி என்றோம். தந்தை மூன்று சாயாவுக்கும் காசு கொடுத்தார். நம்மைக் கொடுக்க விடவில்லை.

அவன் அரசியல் படிக்கத் தொடங்கிய நாள் அந்த நாள். கல்லூரியில் சேர்ந்து மூன்றாம் ஆண்டு! அடுத்த வீட்டுப் பிள்ளைக்காவது அது முதல் ஆண்டின் முதல் நாளில் தொடங்கட்டும். கேட்கட்டும் நம் பிள்ளைகள்! ஆசிரியரைக் கேட்கட்டும், அதிகாரியைக் கேட்கட்டும், ஆள்வோரைக் கேட்கட்டும், மேடையில் நிற்கும் நம்மையும் கேட்கட்டும்! கேட்டுத் தெளிந்த தலைமுறையே நாட்டைக் காக்கும்.